ஐந்து எடைக்கற்கள்

வரிசையில் தனக்கு முன்னால் பதினொரு பேர் நிற்பதை மருதாசலம் எண்ணிவிட்டார், எண்ணியதை நம்பாமல் இன்னொரு தரமும் எண்ணிவிட்டார். கூடவே வருகிற தன் நிழலையும் யாரோ அனுப்பி வைத்த ஆள் என்று நினைக்கிற ரகம் அவர். கறிவேப்பிலை கொசுறு கொடுத்தால் காய் சொத்தையாக இருக்குமோ என்று பார்ப்பார். கள்ளிமேட்டு ரேஸ் ட்ராக்கில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணி வெயில் தகரக் கொட்டகையின் பாதி வரை வந்திருந்தது. அந்த வெயிலும் நிழலும் சேருகிற இடத்தில் பார்த்து எடை மேடையைப் போட்டு வைத்திருக்கிறான் கிளப் செயலாளர் தேவசகாயம், ஏன் அங்கே, உள்ளே இரண்டடி தள்ளிப் போட்டால் ஆகாதா, ஒரு பக்கம் சூடு ஒரு பக்கம் குளிர்ச்சி என்றால் எலக்ட்ரானிக் தராசு அல்லவா, அது சும்மா இருக்குமா. தரையும் சரியில்லை, சிமென்ட் பூச்சில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு பள்ளம், மேடையின் வலது பின்கால் அதன் விளிம்பில்தான் நிற்கிறது. தெரியாமல் வைத்தானா தெரிந்தே வைத்தானா. தேவசகாயம் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒவ்வொருவராக மேடையில் ஏறி இறங்க, சிவப்பு எழுத்தில் வருகிற எண்ணை பஸ் கண்டக்டர் ஊர்ப்பேர் சொல்கிற மாதிரி கூவிச் சொல்லிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். "கதிர்வேல், அறுபத்தாறு இருநூறு." அறுபத்தாறா. போன தடவை எழுபதுக்கு மேலே இருந்தவன். நேற்று மத்தியானத்திலிருந்து சோறு தின்றிருக்க மாட்டான், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, உதடு காய்ந்து கிடக்கிறது. மருதாசலம் மனசுக்குள் கதிர்வேலின் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

இந்த நிறுவையே அவர் கொண்டு வந்ததுதான். கார்ட் என்கிற இந்தச் சின்ன ரேஸ் வண்டி தரையோடு தரையாகப் போகிற சாமான், ஆளில்லாமல் எழுபத்தெட்டு கிலோ, அதில் ஐம்பது கிலோ ஆள் உட்கார்ந்தால் ஒரு மாதிரி ஓடும், தொண்ணூறு கிலோ ஆள் உட்கார்ந்தால் வேறு மாதிரி ஓடும், இன்ஜினுக்கு என்ன தெரியும் மேலே இருப்பது பண்ணையாரா பஞ்சுப் பொதியா என்று. அதனால்தான் குறைந்தபட்ச எடை என்று ஒன்றை வைப்பது. வண்டியும் ஆளும் சேர்ந்து அந்த எடைக்குக் கீழே வரக் கூடாது, வந்தால் ஜெயித்தாலும் ஜெயித்ததாகக் கணக்கில்லை. ஒல்லி ஆட்கள் சீட்டுக்குப் பின்னால் ஈயத் துண்டுகளை போல்ட் போட்டு முறுக்கி எடையை நிரப்பிக்கொள்ள வேண்டும். கனத்த ஆட்களுக்கு அந்தப் பாடு இல்லை, உடம்பிலேயே இருக்கிறது. ஆனால் அந்த எடையை எங்கே வைப்பது. கீழே வைத்தால் ஒல்லி ஆட்கள் காற்றாகப் பறப்பார்கள், மேலே வைத்தால் பாவம் அவர்கள் ஈயம் தூக்கியே இடுப்பு ஒடிவார்கள். பத்துக் கிலோ வித்தியாசம் என்றால் ஒரு சுற்றுக்கு ஒரு கண்சிமிட்டல்தான், பதினைந்து சுற்று முடியும்போது அது இரண்டு வண்டி நீளத்துக்கு மேல். முன்னாலெல்லாம் தேவசகாயம் எங்கேயோ வெளிநாட்டுக்காரன் அச்சடித்த தாளைப் பார்த்து ஒரு எண்ணை எழுதி ஒட்டிவிடுவான். அவனே ஐம்பத்தெட்டு கிலோ ஆசாமி, கைக்குட்டையைக் காயப்போட்ட மாதிரி இருப்பான், அவன் ஒட்டுகிற எண் யாருக்குச் சாதகமாக இருக்கும். மருதாசலம் அன்றைக்குச் சண்டை போட்டார், நம்ம ஊர் உடம்புக்கு நம்ம ஊர் எடைதான் வேண்டும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எல்லாரையும் ஒரே நாளில் ஒரே தராசில் சூட்டும் ஹெல்மெட்டும் ஷூவுமாக நிறுத்து, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி எண்ணைச் சத்தமாகச் சொல்லி, சராசரி எடுத்து, அதோடு வண்டி எடையைக் கூட்டு, அதுதான் இந்தக் கிளப்பின் எடை என்று. மூன்று கூட்டம் கத்தி, நான்காவது கூட்டத்தில் நிறைவேற்றினார். சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது அவர் சேர்த்த வரி. வாய்க்குள் முனகினால் ஒன்பதை ஆறாக எழுதிவிடுவார்கள் என்பது அவருடைய அபிப்பிராயம்.

பத்துப் பேர். முன்னால் நிற்பவனின் சூட் முதுகில் வியர்வை ஒரு தேசப்படம் போல் பரவியிருக்கிறது, வியர்த்தால் எடை குறையும், அதற்காகவே வெயிலில் வந்து நிற்கிறானோ. கனத்த கட்சிக்காரர்களையும் சும்மா விட முடியாது, அதோ மூன்றாவதாக நிற்கிற பழனியப்பன் கையில் ஒன்றரை லிட்டர் பாட்டில், வந்ததிலிருந்து குடித்துக்கொண்டே இருக்கிறான், ஒரு வாய் ஒரு வாயாகக் கிளப்பின் சராசரி ஏறிக்கொண்டிருக்கிறது. எல்லாரும் கள்ளர்கள். எல்லாரும். இதை நினைத்ததும் விலா எலும்பின் மேல் அந்தக் கனம் ஒருமுறை அசைந்து உட்கார்ந்தது. மருதாசலம் கையை மடக்கி விலாவோடு சேர்த்துக்கொண்டார். வண்டி குலுங்கும்போது விலா நோகாமல் இருக்கச் சூட்டுக்கு உள்ளே எல்லாரும் போடுகிற கவசப் பனியன்தான் அவரும் போட்டிருந்தார். ஆனால் அவருடையதில் உட்புறத் தையலைப் பிரித்து, டயர் கடையில் சக்கரத்தின் பேலன்ஸுக்கு ஒட்டுகிற ஈயப் பட்டைகளை வரிசையாக ஒட்டி, மறுபடி தைத்திருந்தது. ஐந்தே முக்கால் கிலோ. மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்று அவர் எத்தனை பேரைப் பார்த்துச் சொல்லியிருப்பார். சரி, அவர் கள்ளத்தனம் பண்ணுவது சராசரியை ஏற்றவா என்றால் இல்லை. அவர் கள்ளத்தனம் வேறு. இடது கையின் இரண்டு விரல் தானாக மேலே போய் சூட்டின் கழுத்துப் பட்டைக்குள் நுழைந்தது. இரண்டு விரல் தாராளமாகப் போகிறது. போன மாசம் ஒன்றரை.

பொன்னுசாமி அண்ணனுக்கு அப்படித்தான் ஆரம்பித்தது. யார் கல்யாணத்திலோ முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான், மருதாசலம் பின் வரிசையில், அண்ணனின் சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி, அதற்குள் வெளிச்சம் விழுந்து கிடந்தது. அண்ணா எளச்சுட்டீங்க போலிருக்குது என்றதற்கு, நடக்கறேன்டா டெய்லி என்றான். நடக்கிறானாம். ஐந்து மாசம், அவ்வளவுதான், மார்கழியில் தூக்கிக்கொண்டு போனபோது மூங்கில் கனம்தான் இருந்தது, ஆள் கனம் இல்லை. அதை நினைக்கக் கூடாது. இப்போது தேவசகாயம் பேனாவை உதறுகிறான், எழுதாத பேனாவா, எழுதாத பேனாவால் யாருடைய எண்ணை எழுதாமல் விட்டான். மார்ச்சில் இவருடைய பெல்ட் ஒரு ஓட்டை உள்ளே போனது, வெயில் காலம் என்று விட்டார். ஏப்ரலில் ஆணியைச் சுட்டுத் தானே ஒரு ஓட்டை போட்டார், மே மாசம் இன்னொன்று. மனைவி வசந்தாமணி ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் அவருடைய பேன்ட்டுகளெல்லாம் இடுப்பில் தாமாகவே சின்னதாகிக்கொண்டு வந்தன, யாரும் தைக்கச் சொல்லாமலே. ஒருநாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "ஒரு எட்டு டாக்டரப் பாத்துட்டு வந்துருங்களேன்." அவளுக்காகத்தான் போனார். அந்த டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார், பேச்சைக் குறைத்துக்கொண்டு ஒரு ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். ஸ்கேன் சென்டர் பெயரையும் அவரே எழுதினார். அதைப் பார்த்ததும் மருதாசலத்துக்கு எவ்வளவு நிம்மதி. கமிஷன். கமிஷனுக்குத்தான் எழுதுகிறான், வேறென்ன. அந்தச் சீட்டு நாலாக மடிந்து பர்ஸில் ஓட்டுநர் உரிமத்துக்குப் பின்னால் இருக்கிறது, ஏழு வாரமாக.

இன்று வரைக்கும் ரேஸ் முடிந்ததும் நிறுப்பது வண்டியோடு சேர்த்துத்தான், அதனால் சமாளித்தார். கனத்த கட்சியின் தலைவர், எடை ஏற வேண்டும் எடை ஏற வேண்டும் என்று பதினொரு வருஷமாகக் கத்தினவர், ஈயம் என்பதை ஒல்லி ஆட்களின் தலைவிதி என்று கேலி பேசினவர், ஒரு சனிக்கிழமை தன் இரும்பு வார்ப்பு ஃபவுண்டரியில் ஆட்கள் எல்லாம் டீ குடிக்கப் போன நேரத்தில் இரண்டு கிலோ ஈயக் கட்டி ஒன்றைத் தன் சீட்டுக்கு அடியில் போல்ட் போட்டார். அப்புறம் இன்னொன்று. அப்புறம் பெரியதாக ஒன்று. எப்போது நிறுத்தாலும் தேவசகாயம் கூவுவான், மருதாசலம் நூற்று அறுபத்தொன்பது, என்று. ஒரு மாற்றமும் இல்லை, ஆள் கல்லுக்குண்டு. எல்லாரும் எடையை மறைக்கத் திருடுவார்கள், வேகமாகப் போக. இவர் எடையைச் சேர்க்கத் திருடினார், எதற்கும் பிரயோஜனமில்லாமல். அதைத் தேடிப் பிடிக்க எந்தக் கிளப்பிலும் விதி இல்லை. வேடிக்கை என்னவென்றால் ஒவ்வொரு தடவையும் அந்த நூற்று அறுபத்தொன்பதைக் காதால் கேட்டதும் அவருக்கே ஒரு தெம்பு வந்தது, பார், ஒன்றும் குறையவில்லை, தராசே சொல்கிறது. தன் கையால் போல்ட் முறுக்கிய ஈயத்தைத் தானே நம்பினார், உலகத்தில் வேறெதையும் நம்பாத மனிதர். ஆனால் இன்றைக்கு வண்டி இல்லை. ஆள் மட்டும் தனியாக ஏற வேண்டும். அவரே போட்ட விதி.

"பழனியப்பன், எம்பத்தொம்போது அறுநூறு." பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு ஏறினான், குடித்ததையா கீழே வைக்க முடியும். சிரிப்பு எழுந்தது. ஏழு பேர். அவருக்குப் பின்னால் நிற்கிற தஸ்லிமாவின் மூச்சு கேட்கிறது, இன்ஜினியரிங் கல்லூரியில் பாடம் எடுக்கிற பெண், சூட் ஹெல்மெட்டோடு ஐம்பத்திரண்டு கிலோ, ஒவ்வொரு ரேஸிலும் இருபத்திரண்டு கிலோ ஈயத்தை ஏற்றிக்கொண்டு ஓடுகிறாள், ஓடி அவரை மூன்றாவது வளைவில் உள்பக்கமாக முந்துகிறாள். நல்ல பெண்தான். ஆனால் ஏன் இவ்வளவு கிட்டத்தில் நிற்கிறாள். முதுகில் ஈயப் பட்டையின் விளிம்பு தெரிகிறதா. தராசு தப்பாக இருந்தால் நன்றாக இருக்கும். இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வந்ததும் அவர் அதை விடவில்லை, வெல்லத்தைப் பிடித்த எறும்பாகப் பிடித்துக்கொண்டார். சூட்டும் ஹெல்மெட்டும் இல்லாமல் வீட்டுத் தராசு எழுபத்தைந்து காட்டியது, அது சீனா சாமான், நம்ப முடியாது. மருந்துக் கடை வாசலில் இருக்கிற மெஷின் எழுபத்தைந்து என்றது, அது காசு போட்டால் பேசுகிற மெஷின், காசு வாங்குகிறவன் எதையும் பேசுவான். ஃபவுண்டரியில் வார்ப்பு நிறுக்கிற தராசு எழுபத்தைந்தே கால் என்றது, அதில் கரித்தூசி அடைந்திருக்கும், துடைத்துப் பார்த்தார், எழுபத்தைந்து என்றது. மூன்று பேர் ஒரே பொய்யைச் சொன்னால் அதைச் சதி என்றுதான் சொல்ல வேண்டும். இந்தத் தராசும் தேவசகாயம் கையில் பதினொரு வருஷமாக இருக்கிறது, பதினொரு வருஷமாக இவர் சந்தேகப்பட்டுக்கொண்டு இருக்கிறார், ஒல்லி கட்சிக்காகக் குறைத்துக் காட்டுகிறது என்று. குறைத்துத்தானே காட்டும். அப்படியானால் எல்லாமே குறைவுதான், கதிர்வேல் அறுபத்தாறு இல்லை எழுபது, பழனியப்பன் எண்பத்தொன்பது இல்லை தொண்ணூற்றுநான்கு, எல்லாருக்கும் நாலைந்து கிலோ குறைகிறது என்றால் எனக்கும் குறைகிறது, எல்லாருக்கும் குறைந்தால் அது வியாதி இல்லையே, அது தராசு. அண்ணனுக்கும் யாராவது தராசைச் சரி பார்த்தார்களா. பார்க்கவில்லை. இரண்டு விரல் மறுபடி கழுத்துக்குப் போனது, அவர் அதை இழுத்துக் கீழே விட்டார்.

மூன்று பேர். இரண்டு. மேடையில் யாரோ ஏறினார்கள், இறங்கினார்கள், என்ன எண் என்று காதில் விழவில்லை. ரப்பர் எரிந்த வாசனை, பெட்ரோல், யாரோ கொண்டு வந்த இட்லிப் பொட்டலத்தின் வாழை இலை வாசனை, ஒரு காலத்தில் இந்த வாசனைக்கு ஆறு இட்லி உள்ளே போகும். இப்போது இலையைப் பார்த்தாலே தொண்டை மூடிக்கொள்கிறது. தேவசகாயம் நிமிர்ந்து பார்த்தான்.

"வாங்கண்ணா. ஏறுங்க."

"தராசச் செக் பண்ணு தேவா."

கொட்டகையில் ஒரு முனகல் ஓடியது. இது ஒவ்வொரு தடவையும் நடப்பதுதான், விதியில் இடம் இருக்கிறது, ஓட்டுநர் யாராவது கேட்டால் எடைக்கல் வைத்துக் காட்ட வேண்டும். அந்த விதியையும் அவர்தான் போட்டார், எடைக்கல்லையும் அவர்தான் வார்த்தார், இருபது கிலோவாக ஐந்து, தன் ஃபவுண்டரியில் வார்த்து, சீவி, முத்திரை போட்டுக் கொண்டு வந்து கிளப் அலமாரியில் வைத்துப் பூட்டி, ஒரு சாவியைத் தானே வைத்திருக்கிறார்.

"ஏனுங்ணா, காலையில ஆரம்பிக்கும்போதே வச்சுப் பாத்தமுங்களே. நீங்களும் பக்கத்துல நின்னீங்களே," என்றான் தேவசகாயம்.

"காலையில பாத்தது காலையில. இப்ப வெயில் ஏறியிருக்குது. ஒருக்கா வச்சிரு."

"எம்மேல உங்களுக்கு என்னைக்குத்தானுங்க நம்பிக்கை வரும்?"

மருதாசலம் சாவியை எடுத்து நீட்டினார். கதிர்வேலும் பழனியப்பனும் போய்க் கற்களைத் தூக்கி வந்தார்கள், ஒவ்வொன்றாக மேடையில் வைத்தார்கள். மருதாசலம் குனிந்து அந்தச் சிவப்பு எண்ணையே பார்த்தார். வாழ்நாள் முழுக்கத் தராசு சரியாக இருக்க வேண்டும் என்று கத்தினவர், தேங்காய்க் கடையிலும் பருத்தி மண்டியிலும் தட்டைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டவர், இன்றைக்கு மருதமலையானை நினைத்து வேண்டிக்கொண்டார், அப்பனே, இது கள்ளத் தராசாக இருக்கட்டும். நாலு கிலோ, ஐந்து கிலோ குறைத்துக் காட்டட்டும். நான் தேவாவைத் திட்டுகிறேன், கிளப்பைக் கூட்டுகிறேன், கத்துகிறேன், அப்புறம் வீட்டுக்குப் போய் ஆறு இட்லி தின்கிறேன். ஒரு கல். இருபது, புள்ளி, சுழி சுழி சுழி. இரண்டாவது கல். நாற்பது. மேடை கொஞ்சம் ஆடியது, அந்தப் பள்ளம், பள்ளம் வேலை செய்யட்டும். மூன்றாவது. எண் ஓடியது, ஐம்பத்தொன்பது என்று ஒரு நொடி காட்டியது, அவர் இன்னும் குனிந்தார், அறுபதில் போய் உட்கார்ந்தது. எண்பது. ஐந்தாவது கல்லை பழனியப்பன் மெதுவாக இறக்கினான். நூறு. பின்னால் மூன்று சுழி. ஒன்று கூட அசையவில்லை.

"நூறு கிலோவுக்கு நூறுங்ணா," என்றான் தேவசகாயம். "போதுமுங்களா?"

போதும். அவர் வார்த்த கல். அவர் சீவிய கல். அதில் சந்தேகப்பட வேண்டுமென்றால் தன் கையைத்தான் சந்தேகப்பட வேண்டும். பயம் வயிற்றுக்குள் ஒரு வாளித் தண்ணீராக இறங்கியது, இறங்கி அடியில் நின்றது, நின்றதும் ஆச்சரியமாக ஒரு அமைதி. ஏறினால் எண்பத்துமூன்று காட்டும். போன தடவையின் தொண்ணூற்றொன்றிலிருந்து எண்பத்துமூன்று, டயட்டுங்க, ராத்திரி சப்பாத்திங்க என்று சொல்லலாம், கை தட்டுவார்கள். ஏறப் போனார். கால் ஏறவில்லை. மேடையிலிருந்து இறக்கி வைத்த அந்த ஐந்து கல்லும் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று அவருடைய ஃபவுண்டரிச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார். இவ்வளவு சரியான தராசு, இதன் மேல் ஏறிப் பொய்யை நிறுக்க அவருக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். அதற்கு மேல் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. சூட்டின் ஜிப்பை இடுப்பு வரை இறக்கினார், கவசத்தின் பக்கவாட்டுப் பட்டைகளைப் பிரித்தார், தலை வழியாகக் கழற்றி, வைக்க இடம் தெரியாமல் பின்னால் நின்ற தஸ்லிமாவிடம் நீட்டினார்.

வாங்கிய கை சட்டென்று கீழே இறங்கியது. இருபத்திரண்டு கிலோ ஈயம் தூக்கிப் பழகின பெண், அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. உட்புறத் தையலை விரலால் தடவினாள்.

"அங்கிள், இதுல ஈயம் இருக்குது," என்றாள், மெதுவாகத்தான், ஆனால் கொட்டகை அப்போது அமைதியாக இருந்தது.

கதிர்வேல் முதலில் முன்னால் வந்தான், கவசத்தை வாங்கித் தூக்கிப் பார்த்தான். அவன் உதட்டில் நேற்று மத்தியானத்திலிருந்து சாப்பிடாத கோபம் எல்லாம் இருந்தது. "ஆகா. சராசரிய ஏத்தறதுக்குங்களா? எங்களையெல்லாம் கள்ளன்னு சொல்லீட்டு, நீங்க பண்ற வேலைங்களாண்ணா இது?"

பழனியப்பன் தலையைத் திருப்பிக்கொண்டான். அவர் கட்சி ஆள். மருதாசலத்துக்கு ஒரு கணம் வெகு சுலபமாக இருந்தது. கள்ளன். அந்தப் பெயரோடு வீட்டுக்குப் போகலாம். கள்ளன் என்றால் திட்டுவார்கள், சஸ்பெண்ட் பண்ணுவார்கள், அடுத்த வருஷம் சேர்த்துக்கொள்வார்கள். அடுத்த வருஷம் என்று ஒன்று அதில் இருக்கிறது. கள்ளனைப் பார்த்து யாரும் குரலைத் தணிக்க மாட்டார்கள், அண்ணன் வீட்டு வாசலில் செருப்பை ஓசையில்லாமல் விட்டுவிட்டு உள்ளே போன மாதிரி போக மாட்டார்கள்.

"ஆமா, அதுக்குத்தான்," என்றார்.

சொல்லிவிட்டு ஜிப்பை ஏற்றினார். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மேடையில் ஏறினார். இரும்புத் தகடு காலடியில் ஒரு நூல் இறங்கி நின்றது. எண் ஓடுகிறது, அவர் அதைப் பார்க்கவில்லை, எதிரே கொட்டகையின் தகரத்தில் இருந்த ஒரு ஆணி ஓட்டையைப் பார்த்தார், அது வழியாக வெயில் ஒரு கம்பியாக வந்து தேவசகாயத்தின் நோட்டில் விழுந்தது. பேனா எழுதவில்லை. தேவசகாயம் எண்ணைப் பார்த்தான், நோட்டில் இரண்டு வருஷத்துக்கு முந்தின பக்கத்தைப் புரட்டினான், அதில் விரலை வைத்தான், மறுபடி எண்ணைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான், முகத்தை இல்லை, கழுத்தை. கண்டக்டர் குரல் வரவேயில்லை. பேனாவைத் திறந்து, தலையைக் குனிந்து, பேசாமல் எழுத ஆரம்பித்தான்.

ஒளிக்கிறான். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாகத் தேவசகாயம் ஒரு எண்ணை ஒளிப்பதைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார் மருதாசலம். இத்தனை காலம் இதற்காகத்தான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தது. பிடித்ததும் அழுகை வந்தது, அதை விழுங்கினார்.

"சத்தமாப் படி தேவா."

"எழுதீட்டனுங்ணா. இறங்கிக்குங்க."

"எல்லாத்துக்கும் படிச்சயில்ல. எனக்கும் படி. விதி."

தேவசகாயம் எழுந்து நின்றான். ஸ்டூல் பின்னால் சாய்ந்தது, யாரும் நிமிர்த்தவில்லை.

"மருதாசலம்," என்றான். "எழுவத்தியேழு நானூறு."

கதிர்வேல் கையில் இருந்த கவசத்தைப் பார்த்தான், அதைத் தரையில் போடவும் முடியாமல் திருப்பிக் கொடுக்கவும் முடியாமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். டயட் என்று யாரும் கேட்கவில்லை. பதினான்கு கிலோ, பதினெட்டு பேருக்குப் பிரித்தால் சராசரியில் முக்கால் கிலோ விழும், மருதாசலத்தின் மூளை அந்த நேரத்திலும் கணக்குப் போட்டது. ஒல்லி கட்சிக்கு முக்கால் கிலோ லாபம். மேடையிலிருந்து இறங்கும்போது கால் தடுக்கியது, அந்தப் பள்ளம்தான், தஸ்லிமா முழங்கையைப் பிடித்தாள். எண் மறைந்து சுழிக்கு வந்தது. "அடுத்து நீ ஏறும்மா, நேரமாகுது," என்றார். அவள் ஏறினாள். தேவசகாயம் அவள் எண்ணைக் கூவினான், குரல் உடைந்திருந்தது.

அப்புறம் அவன் நோட்டை பழனியப்பன் கையில் கொடுத்துவிட்டு மருதாசலத்தின் பக்கத்தில் வந்து நின்றான். இரண்டு பேரும் ட்ராக்கைப் பார்த்தார்கள், அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

"டாக்டரப் பாத்தீங்களாண்ணா?"

"சீட்டு எழுதிக் குடுத்துருக்கறான். ஸ்கேனுக்கு."

"எப்ப?"

"ஏழு வாரம் ஆச்சு."

தேவசகாயம் காலால் ஒரு சின்னக் கல்லைப் புரட்டினான். "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வண்டி எடுத்துட்டு வர்றனுங்ணா. வசந்தாமணியக்காகிட்ட நான் சொல்லிக்கறேன்."

இவனுக்கு இதில் என்ன வரும். மருதாசலம் வழக்கம்போலத் தேடிப் பார்த்தார், முக்கால் கிலோ சராசரியா, செயலாளர் தேர்தலா, அவனுடைய ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஃபவுண்டரியிலிருந்து ஏதாவது ஆர்டரா. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக் கீழே வைத்தார். கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

"நாளைக்குத் திங்கக்கெழமை," என்றார். "எட்டு மணி ராகு காலம். ஏழு மணிக்கே வந்துரு."